சோம்பாரி

போன மார்ச்சில், பிழைக்க வந்த இந்த வெளிநாட்டு நகரத்தின் டவுன்டவுனில் நான் துப்புரவு வேலை பார்க்கும் மண்டபத்தில் சுரங்கக்காரர்களின் கண்காட்சி நடந்தது. ஜார்க்கண்டுக்கும் ஒரு ஸ்டால். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சிவப்புக் கல், அதன்மேல் விளக்கு. பக்கத்துத் திரையில் இரும்பு, நிலக்கரி, செம்பு, மைக்கா என்று பெயர்கள் ஓடின. இடையிடையே உருக்காலை, சரக்கு ரயில், ஒரு அடிபம்பைச் சுற்றிச் சிரிக்கும் பெண்கள். தண்ணீர் வருகிறதா என்று படத்தில் தெரியவில்லை.

"அண்ணை, உந்தக் கண்ணாடியை ஒருக்காத் துடைச்சுவிடுங்கோ," என்றார் சூப்பர்வைசர் மாலா. "கல்லைத் துடைச்சுப் போடாதேங்கோ, உது விக்கிற சாமான்."

அங்கே கோட்டு போட்ட தமிழர் ஒருவர் தன் நண்பருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "இவ்ளோ தாது இருக்கு சார். ஜனங்கதான் சோம்பேறி. தோண்டத் தெரியாம அது மேலயே உக்காந்திருக்காங்க."

துணியோடு என் கை நின்றுவிட்டது. நான் முகம் பார்த்துப் பேசுகிற ஆள் இல்லை. கடையில் தப்பான காப்பியைக் கொடுத்தாலும் குடித்துவிட்டு வருகிறவன். அன்றும் பேசவில்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

பத்தாவதோடு படிப்பு நின்றதும் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி ஏறினேன். எங்கள் ஊர்க்காரர்கள் போர் போடாத மாநிலம் இல்லை. ஜார்க்கண்டில், இரும்புச் சுரங்கத்தை ஒட்டிய ஓர் ஊருக்குப் போனோம். தாது லாரிகள் ஓயாத சாலை. மரத்து இலை சிவப்பு, சோற்றில் சிவப்பு, பல்லிடுக்கில் சிவப்பு. பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி வெள்ளைச் சட்டை ஒன்று கொண்டுபோயிருந்தேன். முதல் நாளே அது காவியாகிவிட, எல்லோரும் என்னைச் சாமியார் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

சுரங்கக் குழி ஆழமாக ஆக அந்த ஊர் ஓடை வற்றிவிட்டது. தண்ணீர் எங்கே என்று ஊர்ச்சனம் கேட்க ஆரம்பித்ததால், போர் போடச் சுரங்கத்தின் காண்ட்ராக்டர் எங்களைக் கூப்பிட்டிருந்தார். மலையைச் சுற்றிப் போய்த் தண்ணீர் சுமந்துவரும் பெண்களில் ஒருத்தி, கேட்காமலே எங்களுக்கும் ஒரு குடம் வைப்பாள். பெயர் கேட்டோம். "சோம்பாரி" என்றாள்.

நாங்கள் சிரித்த சிரிப்பை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். டிரில்லர் பழனியண்ணன் தினமும், "ஏனுங்க சோம்பேறி, இன்னைக்கி ஒரு குடந்தானுங்களா?" என்று தமிழில் கேட்பார். புரியாமல் அவளும் சிரிப்பாள். திங்கட்கிழமை பிறந்த பெண்ணுக்கு அங்கே வைக்கும் பெயர் அது. விடியும் முன் தலையில் குடம், பகலெல்லாம் சுரங்கத்தில் கல் பொறுக்கும் கூலிவேலை, திரும்பவும் குடம். தோண்டத் தெரியாதவள்தான் அவள்.

போர் இறங்க இறங்க வெறும் சிவப்புப் புழுதியே பறந்தது. சோம்பாரி ரிக்கை விட்டு நகரவில்லை. ஈரம் ஒட்டுகிறதா என்று புழுதியை உள்ளங்கையில் ஏந்தி ஏந்திப் பார்த்தாள்.

"இன்னுங் கொஞ்சம் எறக்கிப் பாக்கலாமுங்கண்ணா," என்றேன்.

பழனியண்ணன் எதிரே கைகாட்டினார். சுரங்கக் குழிக்குள் ஊறும் தண்ணீரை மோட்டார்கள் உறிஞ்சிச் சேறோடு சேறாகப் பள்ளத்தில் கொட்டிக்கொண்டிருந்தன. "அத்தன தண்ணியும் அங்க போவுது. நாம எங்கீடா தேடறது?"

தண்ணீர் சுரங்கக்காரர்களுக்கு வேலையைக் கெடுக்கும் தொந்தரவு. அவ்வளவுதான்.

காண்ட்ராக்டர் நிறுத்தச் சொன்னார். வறண்ட துளையின்மேல் அடிபம்பு மாட்டி, அதற்கு மாலை போட்டார்கள். சோம்பாரியைக் கைப்பிடியைப் பிடிக்கச் சொல்லி, முன்னால் குடத்தை வைத்துப் படம் எடுத்தார்கள். அவள் நிஜமாகவே அடித்தாள். படம் எடுத்தவர்கள் ஜீப்பில் ஏறிப் போன பிறகும் அடித்துக்கொண்டிருந்தாள். எந்தப் புத்தகத்தில் அந்தப் படத்தைப் போட்டார்களோ, யாருக்குக் காட்டிக் கைதட்டல் வாங்கினார்களோ.

கண்காட்சியிலிருந்து யூனியன்வில்லில் இருக்கும் வீட்டுக்கு ரயிலில் திரும்பும்போதுதான் எனக்குக் கேள்வி வந்தது. தாது மேலே உட்கார்ந்திருந்தவர்கள் இப்போது எங்கே சார் என்று அந்தக் கோட்டுக்காரரிடம் கேட்டிருக்க வேண்டும். மறுநாள் பழனியண்ணனைப் போனில் கூப்பிட்டேன்.

"போன வருசம் அந்தப் பக்கம் போனனப்பா," என்றார். "மலையக் காணம். ஊரயுங் காணம். சனமெல்லாம் எங்க போச்சுன்னு கேட்டா ஒருத்தனுக்குந் தெரியல."

"நாம போட்ட போருங்கண்ணா?"

"அதச் சுத்தியிருந்த மண்ணையே அள்ளிட்டானுங்க சாமியாரே. அப்பறம் போரு எங்க இருக்கும்?"