மோட்டார் எங்கே என்று கேட்ட ஜெசிந்தா

ஜெசிந்தா இறந்துவிட்டாள்.

காலை ஆறரைக்கு அவள் கணவர் போன் செய்தார். "நெஞ்சு வலிக்குதுன்னாண்ணே... ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சிருச்சு."

அதிலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. மதுரை சிம்மக்கல்லில் இருக்கும் எங்கள் ஆபீஸுக்கு வந்தேன். திறந்தேன். மறுபடி பூட்டிவிட்டுத் தெருவில் நடந்தேன். மறுபடி வந்து திறந்தேன். எதையாவது டைப் பண்ணினால் ஒரு இடத்தில் உட்காருவேன் என்று இதை எழுதுகிறேன்.

அவளைத் தெரியாதவர்களுக்கு... நாங்கள் இருவரும் ஒரு எம்.பி. ஆபீஸில் ஆறு வருடமாக எதிரெதிர் மேஜை. பிரஸ், வாட்ஸ்அப் எல்லாம் என் வேலை. நாடாளுமன்றத்தில் எம்.பி. கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிக் கொடுப்பது அவள் வேலை. அதற்கு முன்னால் ஒரு மிஷன் ஸ்கூலில் கிளார்க்.

அனுப்புகிற கேள்வி எல்லாம் எடுபடாது. நாடாளுமன்றத்தில் சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் எடுப்பார்கள், அந்தக் குலுக்கலில் வர வேண்டும். வந்துவிட்டால் அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும். அந்த "ஆக வேண்டும்" மீது அவளுக்கு அப்படி ஒரு பிடிவாதம்.

திருப்பரங்குன்றம் தாண்டி ஒரு ஊர். நான்கு வழிச்சாலைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை. ஒரு மழை பெய்தால் போதும், இடுப்பளவு தண்ணீர். வடிய நாலைந்து நாள் ஆகும். அதைப் பற்றி ஜெசிந்தா எழுதிய கேள்வி குலுக்கலில் வந்தது. எழுத்து மூலம் பதிலும் வந்தது. "நீரை வெளியேற்ற மோட்டார் பொருத்தப்பட்டு, நல்ல நிலையில் இயங்கி வருகிறது."

நான் உடனே எம்.பி. போட்டோவோடு போஸ்டர் செய்து எல்லா குரூப்பிலும் போட்டேன். "நமது எம்.பி.யின் கேள்விக்கு அரசு பதில்!" பத்து நிமிடத்தில் அந்த ஊரிலிருந்து போன். "அண்ணே, எந்த மோட்டாரச் சொல்றீங்க? நாங்க இப்ப தண்ணிக்குள்ளதான் நிக்கிறோம்."

ஜெசிந்தா என்னையே பார்த்தாள். "நீங்க போய்ப் பாத்தீங்களாண்ணே?"

"பதில்ல அப்படித்தானம்மா இருக்கு..."

"பதிலு டெல்லியில எழுதுனது. வண்டிய எடுங்க."

போனோம். அங்கே பார்த்ததை இன்றுவரை மறக்க முடியவில்லை. ஒரு பிளாஸ்டிக் சேரில் ஒருவரை உட்கார வைத்து, இரண்டு பேர் தோளுக்கு மேல் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்து வந்தார்கள். சோணமுத்து அண்ணன். டயாலிசிஸுக்குப் போகிறார். பின்னாலேயே அவர் மனைவி பேச்சியம்மா அக்கா, ஆஸ்பத்திரி ஃபைலைத் தலையில் வைத்துக்கொண்டு.

"வாரத்துக்கு ரெண்டு தடவ தாயி. மழ பேஞ்சா இப்படித்தான்" என்றார்.

ஜெசிந்தா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டாள். ஓரத்தில் ஒரு சின்ன அறை. உள்ளே சிமெண்ட் மேடை. மேடையில் நான்கு போல்ட். மோட்டார் இல்லை. அந்த நான்கு போல்ட்டையும் நான்கு பக்கமிருந்து போட்டோ எடுத்தாள்.

வண்டியில் திரும்பும்போது ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். "அந்தப் போஸ்டர எடுங்கண்ணே." எடுத்தேன். மறுநாள், எடுத்தால் மட்டும் போதாது, நாம் போட்டது தவறு என்று எழுதியும் போட வேண்டும் என்றாள். இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தேன். பிறகு எழுதிப் போட்டேன்.

அடுத்த கேள்வியை அவள் எழுதிய விதம்... மோட்டார் எந்தத் தேதியில் பொருத்தப்பட்டது? கடைசியாக எப்போது ஓடியது? முந்தைய பதிலைத் தருவதற்கு முன் நேரில் ஆய்வு செய்தது யார்?

பதில் வந்தது. "தகவல் திரட்டப்பட்டு வருகிறது. அவையில் வைக்கப்படும்."

"அம்புட்டுதான், போச்சு" என்றேன் நான்.

அவள் சிரித்தாள். "இல்லண்ணே, இப்பத்தான் மாட்டியிருக்காங்க. அவையில வைக்கிறேன்னு சொன்னா அது வாக்குறுதி. அதுக்குன்னு எம்.பி.க்கள் கமிட்டியே இருக்கு. வைக்கிற வரைக்கும் விட மாட்டாங்க."

விடாதது கமிட்டி மட்டுமா... இவளும்தான். மாதம் தவறாமல் எம்.பி.யிடம் கையெழுத்து வாங்கி, அந்த போட்டோக்களோடு கமிட்டிக்குக் கடிதம். "ஏம்மா, மத்த வேலயும் இருக்கு"ன்னு எம்.பி.யே ஒருநாள் சலித்துக்கொண்டார். "நீங்க கேட்ட கேள்வி சார்" என்றாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

எட்டு மாதம் கழித்து அமைச்சரின் திருத்த அறிக்கை வந்தது. முந்தைய பதிலில் தவறு நேர்ந்துவிட்டது. மோட்டார் பொருத்தப்படவில்லை. ஒரு மாதத்துக்குள் பொருத்தப்படும்.

பொருத்தினார்கள். இப்போதும் ஓடுகிறது.

ஆனால் அந்த அறிக்கை வருவதற்கு இருபது நாள் முன்னால் சோணமுத்து அண்ணன் இறந்துபோயிருந்தார்.

அந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு ஜெசிந்தா பேச்சியம்மா அக்கா வீட்டுக்குப் போனாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. நானும் கூடப் போனேன். அவள் வரி வரியாகத் தமிழில் சொன்னாள். அக்கா முழுசாகக் கேட்டார்.

"இம்புட்டு நாளு பொய் சொன்னது யாருன்னு இதுல போட்டிருக்கா?"

"இல்லக்கா."

"அப்ப அதயும் கேளு தாயி."

வெளியே வந்து வண்டிப் பக்கத்தில் நின்று அழுதாள். ஆறு வருடத்தில் அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

தவறான தகவல் தந்தவர் யார், அவர் மீது என்ன நடவடிக்கை... இதையும் எழுதி அனுப்பினாள். குலுக்கலில் வரவில்லை. அடுத்த கூட்டத்தொடரிலும் அனுப்பினாள். அப்போதும் வரவில்லை. போன வியாழக்கிழமை நான்காவது தடவையாக அனுப்பினாள். சப்மிட் ஆனதும் நாற்காலியில் சாய்ந்து, "லேசா மூச்சு வாங்குதுண்ணே" என்றாள். "படியேறி வந்ததா இருக்கும்"னு சொல்லிவிட்டு நான் போனைப் பார்க்கத் திரும்பிவிட்டேன்.

அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கலாம்... தெரியவில்லை.

குலுக்கல் முடிவு இன்றுதான். காலையிலிருந்து எத்தனை தடவை அந்தப் பக்கத்தைத் திறந்தேன் என்று கணக்கே இல்லை. இன்னும் போடவில்லை.

நாலு மணிக்கு அடக்கம். பேச்சியம்மா அக்கா பஸ் ஏறிவிட்டாராம். நான்தான் ஸ்டாப்பில் நின்று கூட்டிப் போக வேண்டும். இறங்கியதும் முதலில், கேள்வி குலுக்கலில் வந்ததா என்றுதான் கேட்பார்.

கிளம்புகிறேன்.

போயிட்டு வாம்மா ஜெசிந்தா.