எனக்கு லீவு, என் கால்களுக்கு இல்லை

அடுத்த ஞாயிறு சென்னை மாரத்தான். இன்று காலை அதற்கான கடைசி நெடுந்தூரப் பயிற்சி ஓட்டம்.

போன வருடம் எடுத்த எடுப்பிலேயே வேகம் பிடித்து, பாதி வழியில் ஆம்புலன்ஸில் ஏறியவள் நான். இந்த முறை முதல் பாதி முழுக்கப் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம்தான் என்று முடிவு. என்னைப் பேச வைப்பதற்காகவே மந்தாரக்குப்பத்துத் தோழி சுமதி சைக்கிளில் கூட வந்தாள்.

எங்கள் சுரங்க டவுன்ஷிப்பின் எட்டாவது பிளாக் வரை அவள் மாமியார் கதையிலேயே போய்விட்டது. மூச்சு சீராக இருந்தது.

அப்போதுதான் ஃபர்ஸ்ட் ஷிப்டு சைரன் அடித்தது.

கால்கள் என்னைக் கேட்கவில்லை. சுரங்க வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தச் சத்தம் ஓய்வதற்குள் கேட்டைத் தாண்டிப் பழகியவை. பாய்ந்துவிட்டன.

"அக்கா, பேசுங்க! இன்னிக்கு என்ன குழம்பு?"

பதில் சொல்ல மூச்சில்லை. வேகத்தைக் குறைக்க நினைத்தேன், முடியவில்லை.

சுமதி பெடலை மிதித்தபடி கத்தினாள். "எங்கக்கா ஓடிக்கினு இருக்கீங்க? இன்னிக்கு உங்களுக்கு லீவு!"

அதற்குள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. வலி தாங்காமல் சாலையோரம் உட்கார்ந்தேன். பின்னால் வந்த ஷிப்டு பஸ் நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"சீக்கிரம் ஏறுங்க மேடம், கேட்டை மூடிடுவாங்க."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பஸ்ஸில் ஏற நொண்டிக்கொண்டே எழுந்தும் விட்டேன்.

சென்னையில் ஓட்டத்தைத் தொடங்கி வைப்பது ஒரு பெரிய ஹாரனாம். சுமதியின் சைக்கிளை அங்கே விடமாட்டார்கள். பக்கத்தில் ஓடி வந்து குழம்பைப் பற்றி விசாரிக்க யாராவது இருக்கிறீர்களா?