ஐந்தாவது ஒயர்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நான் வீடு வீடாகப் போய் ஸ்பீக்கர் மாட்டுகிறவன். பேய் என்று யாராவது வாயைத் திறந்தால், "எங்கயாவது ஒயர் லூஸா இருக்கும், பாருய்யா" என்று கிண்டல் செய்கிற ஆள். இப்போது செய்வதில்லை.

அது ஒரு பல் டாக்டர் வீடு. அவருடைய ஒரே மகள் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து, அன்று சாயங்காலம் வீட்டுக்கு வருவதாக இருந்தது. நாலு அறைக்கு நாலு ஸ்பீக்கர். எல்லாவற்றுக்கும் ஹாலில் ஒரே ஆம்ப்ளிஃபையர். "அவ உள்ள நுழையறப்ப வீடே பாடணும்" என்றார் டாக்டர். மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

வீடு கட்டும்போதே சுவருக்குள் ஒயர் போட்டிருந்தார்கள். எது எந்த அறைக்குப் போகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க எங்களிடம் ஒரு சுலபமான வழி உண்டு. ஸ்பீக்கர்களை மாட்டிவிட்டு, ஹாலில் நான் ஒரு ஜோடி ஒயரைப் பென்சில் பேட்டரியில் தொடுவேன். அந்த ஒயர் போகிற ஸ்பீக்கர் 'டப்' என்று குதிக்கும். அங்கே நிற்கிறவன் "வந்துச்சு" என்று கத்துவான். கத்துவது என் மனைவியின் தம்பி. உடம்பில் எலும்பைத் தவிர ஒன்றும் கிடையாது. அதனால் தடியன் என்று பெயர். என் மனைவி இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை அவன்.

நாலு அறையும் முடிந்தது. நாலையும் அப்படியே ஒன்றாக முறுக்கினால் ஆம்ப்ளிஃபையர் புகைந்துவிடும். இரண்டிரண்டாகப் பிரித்து இணைக்க வேண்டும். "டேய் தடியா, வண்டியிலேர்ந்து ஆம்ப்ளிஃபையர் பெட்டியைத் தூக்கிட்டு வா" என்றேன். முனகிக்கொண்டே போனான்.

அப்போதுதான் பார்த்தேன். சுவரிலிருந்து வந்த ஒயர்க் கட்டுக்குள் இன்னொரு ஜோடி இருந்தது. ஐந்தாவது.

மீட்டரை வைத்துப் பார்த்தேன். முள் அசையவில்லை. மறுமுனையில் ஸ்பீக்கர் இல்லை என்று அர்த்தம். சும்மா, பழக்கதோஷத்தில் பேட்டரியைத் தொட்டேன்.

"வந்துச்சு."

தடியன் குரல்.

"எந்த ரூம்லடா?" என்றேன். ஜன்னல் வழியே பார்த்தேன். தடியன் தெருவில் வண்டிக்குள் தலையை விட்டுப் பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தான்.

மறுபடி தொட்டேன்.

"வந்துச்சு."

கத்தவில்லை. மெதுவாக... சுவருக்குள்ளிருந்து... என் காதுக்கு ஒரு சாண் தூரத்தில்.

வெடுக்கென்று கையை இழுத்ததில் பேட்டரி இன்னொரு தடவை உரசியது. பின்னால் நடந்துகொண்டிருந்த டாக்டர் துள்ளித் திரும்பினார். "என் பொண்ணு! அதுக்குள்ள வந்துட்டாளா?"

எனக்குக் கேட்டது தடியன். அவருக்குக் கேட்டது மகள். சத்தம் ஒன்றுதான்.

வாசலுக்கு ஓடினார். மாடிக்கு ஓடினார். திரும்பி வந்து ஒயரையே பார்த்தார். முகம் வெளுத்திருந்தது.

"இதுலதான் வந்துச்சு. இன்னொரு தடவை தொடுங்க."

"வேணாம் சார்."

"தொடுய்யா!"

கட்டிங் பிளேயரை எடுத்தேன். சுவரோடு சுவராக அறுத்தேன்.

என் சட்டையைப் பிடித்துவிட்டார். அந்த நேரம் போன் அடித்தது. சமையலறையில் அவர் மனைவி எடுத்தாள்.

அந்த அலறல்... வேண்டாம்.

மூன்று இருபதுக்கு, ஆஸ்பத்திரியில் உடை மாற்றிக் கிளம்பி உட்கார்ந்திருந்த பெண், அப்படியே சாய்ந்துவிட்டாளாம். நான் ஒயரைத் தொட்ட நேரம் அதுதான்.

நான் கேட்டது யார் குரல் என்று எனக்கல்லவா தெரியும்? அன்றிலிருந்து தடியனை ஏணியில் ஏற விடவில்லை. கரண்ட் பக்கம் விடவில்லை. வீட்டிலேயே உட்காரவைத்துச் சோறு போட்டேன். "என்ன மாமா, என்னைப் பொத்திப் பொத்தி வெக்கிறீங்க? கல்யாணம் கில்யாணம் பண்ணப் போறீங்களா?" என்று சிரித்தான். அந்த மாதக் கடைசியில், என் வீட்டுக் குளியலறையில், வழுக்கி விழுந்தான். எழுந்திருக்கவில்லை.

"அவனை எதுக்கு வேலைக்குக் கூட்டிட்டுப் போகாம வெச்சிருந்தீங்க? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று என் மனைவி கேட்டாள். இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

போன வாரம் டாக்டர் போன் செய்தார். சுவரை இடித்துப் பார்த்தாராம். அந்த ஒயர் உள்ளே ஒரு முழம்கூடப் போகவில்லை. செங்கல்லுக்குள் அறுந்து நிற்கிறது. அதில் புது ஒயர் ஒட்டுப்போட்டு, தினமும் பேட்டரியைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம்.

"அவ குரல் வரவே மாட்டேங்குது. இன்னொரு தடவை கேக்க இருந்ததையும் நீங்க அறுத்துட்டீங்க."

"மன்னிச்சுக்கோங்க சார்" என்றேன்.

"ஆனா நேத்துலேர்ந்து ஒரு குரல் வருது."

"யாரு குரல் சார்?"

"உங்க குரல்தான்."

குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. "இருங்க, போனைச் சுவர்கிட்ட வைக்கிறேன். நீங்களே கேளுங்க."

போனை அணைக்கக் கை வரவில்லை.