காதறுந்தவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தார்

என் தாத்தாவைத் திருடன் என்று ஊரெல்லாம் பரப்பியவர் என் சித்தப்பாதான். வேறு யாரும் இல்லை.

அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. மாடம்பாக்கத்தில் எங்களுக்கு அடுத்த தெரு. எண்பத்தெட்டாம் வருடம் என் தங்கைக்குப் பேசி முடித்த வரனை அவர்தான் கலைத்தார். மாப்பிள்ளை வீட்டார் எங்களைப் பற்றி விசாரிக்க வந்தபோது, "காதறுந்தவன் வம்சம்பா அது. பாண்டிச்சேரில திருடி மாட்டிக்கினு ஜெயில்லயே செத்தான்" என்று சொல்லி அனுப்பினார். காதறுந்தவன் என்பது ஊரில் தாத்தாவுக்கு இருந்த பட்டப்பெயர். அவர்கள் அப்புறம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

அப்பா கைக்குழந்தையாக இருந்தபோதே தாத்தா வீட்டை விட்டுப் போய்விட்டார். பட்டாளத்துக்குப் போனார் என்று அப்பா சொல்வார். ஆதாரம் கிடையாது. யாராவது எதிர்த்துப் பேசினால் வாயை மூடிக்கொள்வார். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. பிரிட்டிஷ்காரன் காலத்துப் பதிவுகளை வைத்திருக்கும் ராணுவ அலுவலகத்துக்கு எழுதிப் போட்டேன். அப்படி ஒருவர் சேரவில்லை என்று பதில் வந்தது. சித்தப்பாவுக்குக் கொண்டாட்டம்.

அப்போது நான் தாம்பரத்தில் டெலிபோன் ஆபரேட்டர். பக்கத்து நாற்காலித் தோழி பாண்டிச்சேரிக்காரி. ஒருநாள் சாப்பாட்டு வேளையில் அவளிடம் கொட்டித் தீர்த்தேன்.

"வெள்ளைக்காரன்ல ரெண்டு வகை இருக்கான்டி. நீ தப்பான வெள்ளைக்காரன்கிட்ட கேட்டிருக்கே" என்றாள். முதல் உலகப் போருக்குப் பாண்டிச்சேரிப் பக்கமிருந்து பிரெஞ்சுப் பட்டாளத்தில் பலர் போனார்களாம். அவளுடைய அப்பாவே பிற்காலத்தில் அதே பட்டாளத்தில் இருந்தவர். பிரெஞ்சு நன்றாக எழுதுவாள். பிரான்சில் பழைய படை ஆவணங்களை வைத்திருக்கும் அலுவலகத்துக்கு அவளே எழுதினாள். பல மாதம் கழித்துப் பதில்: இந்த விவரத்தில் யாரும் இல்லை.

நான் அன்றைக்கு அழுதுவிட்டேன். அவள் கடிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பிறந்த ஊர் மாடம்பாக்கம்னு கொடுத்தியே, அது நிஜமா?"

"எங்க சொந்த ஊர் அதானே."

"சொந்த ஊரை யார் கேட்டா? அவங்க பிறந்த இடத்தை வச்சுத்தான் தேடுவாங்க. உங்க தாத்தா மூத்த பிள்ளையா?"

"ஆமா."

"தலைப்பிரசவம் எங்கடி நடக்கும், மாமியார் வீட்லயா?"

எனக்குப் பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. தாத்தாவின் அம்மாவுக்குப் பிறந்த வீடு வில்லியனூர். அது அன்று பிரெஞ்சுக்காரன் ஆண்ட மண். நம்மில் யாரைக் கேட்டாலும் அப்பன் ஊரைத்தான் சொல்வோம். நானும் அதைத்தான் செய்திருந்தேன்.

மறுபடி எழுதினோம். இந்த முறை அவருடைய பதிவின் நகலே வந்தது. தோழி படித்துச் சொல்லச் சொல்ல அப்பா நின்றுகொண்டே கேட்டார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. தாத்தாவின் பெயர், அவருடைய அப்பா பெயர், அம்மா பெயர், வில்லியனூர். அடையாளம்: இடது காது மடல் கிழிந்தது. போரின்போது பிரான்சில் ராணுவ மருத்துவமனையில் மரணம். கடைசியில், பிரான்சுக்காக உயிர் நீத்தவர் என்று ஒரு வரி.

"இன்னொரு தடவை படிம்மா" என்றார் அப்பா.

அடுத்த மாதமே ஊரப்பாக்கத்தில் சித்தப்பா மகன் கட்டிய வீட்டுக்குப் புதுமனை புகுவிழா. தங்கைக்கு வந்திருந்த புது வரனின் தகப்பனாரும் அங்கே வந்திருந்தார். அவரிடம் சித்தப்பா பழைய கதையை ஆரம்பித்தார். நான் பந்தியிலிருந்து எழுந்து போய், கைப்பையில் எடுத்து வந்திருந்த நகலை நீட்டினேன். அடையாளம் என்ன என்பதைத் தவிர மற்றதை எல்லாம் எல்லோர் முன்னிலையிலும் சத்தமாகச் சொன்னேன்.

"அது வேற ஆளு. அந்தப் பேர்ல ஆயிரம் பேர் இருப்பான்" என்றார்.

"அந்த ஆளுக்கு இடது காது கிழிஞ்சிருக்குன்னு எழுதியிருக்கான், சித்தப்பா. பட்டாளத்துல சேர்ற அன்னிக்கே எழுதினது."

அவருடைய சொந்த அக்காவே சிரித்துவிட்டார். "டேய், காதறுந்தவன், காதறுந்தவன்னு இத்தினி வருசமா நீதானடா கூவிகினு இருந்தே? இப்ப வேற ஆளுன்றியே!"

பந்தியே சிரித்தது. வரனின் தகப்பனார் கை கழுவிவிட்டு அப்பாவிடம் வந்து, "வெள்ளிக்கிழமை பொண்ணு பார்க்க வர்றோம், சார்" என்றார். அப்பா நிமிர்ந்து நின்று பதில் சொன்னதை அன்றுதான் பார்த்தேன். தங்கைக்கு இப்போது இரண்டு குழந்தைகள்.

ஆனால் சித்தப்பா தான் சொன்னது பொய் என்று இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. செத்தவர் வந்து மறுக்க மாட்டார் என்ற தைரியத்தில் யாரும் எதையும் சொல்லலாம் என்பதை நான் இனி ஒருநாளும் ஏற்கமாட்டேன். அதனால் இங்கேயே கேட்கிறேன்: சித்தப்பா, அந்தத் திருட்டுக் கதையை முதலில் கட்டியது யார், நீங்களா, உங்கள் அப்பாவா? கதையை ஊரெல்லாம் சொன்னது போலவே, ஊர் முன்னால் நின்று பதில் சொல்லுங்கள்.