இரண்டாவது ஈ.சி.ஜி.

சிஸ்டர் வாசலில் இரண்டு கைகளையும் விரித்து வழிமறித்து நின்றார் என்று புகார்க் கடிதத்தில் எழுதியிருந்தார்கள். நான் அந்த அறையில்தான் இருந்தேன். சிஸ்டர் கையை விரிக்கவில்லை. விரித்திருக்கவும் முடியாது. அவருடைய இடது கையில் புகார் கொடுத்த கோழிப்பண்ணைக்காரரின் வெள்ளைச் சட்டை மடித்துக் கிடந்தது. ஈ.சி.ஜி. எடுப்பதற்காக அவர் கழற்றிக் கொடுத்த சட்டை. அதைச் சிஸ்டர் திருப்பிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இராசிபுரம் பக்கத்தில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறிய மருத்துவமனை எங்களுடையது. இருதயப் பிரிவு என்று பெரிதாகப் பலகை இருந்தாலும் உள்ளே இரண்டே அறைகள். வாரத்தில் இரண்டு நாள் சேலத்திலிருந்து இருதய மருத்துவர் வருவார். மற்ற நாட்களில் பணி மருத்துவர் ஒருவர், ஈ.சி.ஜி. எடுக்கும் நான், அந்தப் பிரிவின் செவிலியரான சிஸ்டர். தாளில் கோடு கோணலாகத் தெரிந்தால் கைப்பேசியில் படம் பிடித்துச் சேலத்துக்கு அனுப்புவோம். அங்கிருந்து சரி என்று சொன்னதும், இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை இங்கேயே போட்டு ஆம்புலன்ஸில் ஏற்றிவிடுவோம். மாரடைப்பு தொடங்கும் நேரத்தில் எடுக்கும் முதல் ஈ.சி.ஜி. சில சமயம் எந்தக் குறையும் காட்டாது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எடுத்தால்தான் தெரியும். இதை நாங்கள் எல்லோரும் படித்திருக்கிறோம். காலைக் கூட்டத்தில், வெளியே முப்பது பேர் நிற்கும்போது, எல்லோரும் மறந்தும் இருக்கிறோம். சிஸ்டர் மட்டும் மறக்கவில்லை. நெஞ்சு, தாடை, மேல்வயிறு என்று எங்கே கையை வைத்துக்கொண்டு வந்தாலும், முதல் தாள் சுத்தமாக இருந்தாலும், அரை மணி நேரம் உட்கார வைத்து இன்னொன்று எடுக்கச் சொல்வார்.

அவருடைய அப்பாவை இப்படித்தான் வெறும் வாயுக்கோளாறு, 'கேஸ்' என்று சொல்லி எங்கோ திருப்பி அனுப்பினார்கள், வீட்டுக்குப் போவதற்குள் உயிர் போய்விட்டது, அதனால்தான் இந்தப் பிடிவாதம் என்று மருத்துவமனைக்குள் ஒரு கதை உலவியது. நானும் நம்பினேன். ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டே விட்டேன். சிஸ்டர் சிரித்துவிட்டார். "எங்கப்பா வெண்ணந்தூர்ல தறி ஓட்டிக்கிட்டு நல்லா இருக்காருங்கண்ணா. படிச்சதைச் செய்யறதுக்கு ஊட்டுல ஆராவது சாகோணுமா?" என்னைவிடப் பத்து வயது இளையவர்.

கோழிப்பண்ணைக்காரர் அறக்கட்டளை உறுப்பினர் ஒருவருக்கு நெருங்கிய சொந்தம். அன்று அவருடைய தங்கை குழந்தைக்குக் குலதெய்வம் கோயிலில் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். காலையிலிருந்து நெஞ்சைப் பிடிப்பது போல இருக்கிறது, போகிற வழியில் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர். முதல் தாள் சுத்தமாக வந்தது. "அப்பறம் என்னங்க, சட்டையக் குடுங்க. நல்ல நேரம் போயிருமுங்க" என்று எழுந்தார். சிஸ்டர் சட்டையை எடுத்துத் தன் கையில் போட்டுக்கொண்டார். "நீங்க நல்லா இருந்தாத்தானுங்களே கொழந்தைய மடியில வெக்க முடியும்? அரை மணி நேரம் உக்காருங்க. இன்னொன்னு பாத்துட்டுத் தாரேன்." அந்த மனிதர் வெற்று மார்போடு, கழுத்துச் சங்கிலி மின்ன, அரை மணி நேரம் எங்களை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கைப்பேசி விடாமல் அடித்தது. இரண்டாவது தாளும் சுத்தமாகவே வந்தது. சட்டையைப் பிடுங்கி, பொத்தான் போடாமலே போனார். அவர் கோயிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒன்றுவிட்ட மாமன் ஒருவரின் மடியில் காது குத்தி முடித்துவிட்டார்களாம்.

மறுநாளே மேலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். சிஸ்டருக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் இருந்தன. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் இதோடு முடிந்துவிடும் என்றார். சிஸ்டர் பேனாவைத் தொடவில்லை. "அவருக்கு ஒண்ணுமில்லைன்னு வந்துச்சுங்க. நல்ல சேதி சொன்னதுக்கு எதுக்குங்க மன்னிப்பு?" மேலாளர் முகம் சிவந்து என் பக்கம் திரும்பினார். "தடுத்தாங்களா இல்லையா? நீங்க சொல்லுங்க." போக வேண்டும் என்று அவர் சொன்னார், சிஸ்டர் சட்டையைக் கொடுக்கவில்லை என்றேன். அதுவரை உண்மைதான். ஆனால் கையை விரித்து வழிமறித்தார் என்று தட்டச்சு செய்த தாளைக் கொண்டுவந்து நீட்டியபோது, சாட்சி என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். இந்த வயதில் இன்னோர் இடத்தில் வேலை தேடி நிற்க வேண்டுமே என்ற பயம். நான் போடுவதைச் சிஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் வழக்கம் போல, "டீ குடிச்சாச்சுங்களாண்ணா?" என்று கேட்டார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

அந்த வாரமே சுவரில் ஓர் உத்தரவை ஒட்டினார்கள். முதல் ஈ.சி.ஜி. இயல்பாக இருந்தால் எவரையும் காக்க வைக்கக் கூடாது. சிஸ்டரைப் புறநோயாளிகளுக்கு ஊசி போடும் அறைக்கு மாற்றினார்கள். அங்கே போனால் வம்பு எதுவும் வராது என்று நினைத்திருப்பார்கள். கேஸ் பிடித்திருக்கிறது, ஒரு ஊசி போடுங்கள் என்று வருகிறவர்கள் எல்லோரும் நேராக அந்த அறைக்குத்தான் போவார்கள் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டு மாதம் கழித்து, முற்பகல் நேரம். பண்ணையில் முட்டை பொறுக்கும் ஒரு பெண்ணைத் தோளோடு அணைத்துக்கொண்டு சிஸ்டர் என் அறைக்குள் வந்தார். பின்னாலேயே ஊசிச் சீட்டைக் கையில் பிடித்தபடி அந்தப் பெண்ணின் கணவர். "கேசுங்க. காலைல பழைய சோறு குடிச்சா. ஊசி போட்டுட்டா ஆடு அவுக்கப் போயிருவோமுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்தப் பெண் கட்டிலில் சரிந்து உட்கார்ந்தார். இடது தாடையை உள்ளங்கையில் ஏந்தியிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. நான் திரும்பிக்கொள்ள, சிஸ்டரே திரையை இழுத்து, மின்முனைகளைப் பொருத்தினார். தாள் ஓடி வந்தது. சுத்தமாக இருந்தது.

பணி மருத்துவர் புதிதாக வந்த இளைஞர். தாளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "நார்மல்தானே சிஸ்டர். ஆர்டர் வேற இருக்கு. ஊசியப் போட்டு அனுப்பிடுங்க" என்றார். கணவர் மனைவியின் கையைப் பிடித்து எழுப்பினார். "நட அம்மிணி." சிஸ்டர் கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். இந்த முறை பிடித்து வைத்துக்கொள்ள அவர் கையில் எதுவும் இல்லை. அவர் மருத்துவரைப் பார்க்கவில்லை, கணவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். கெஞ்சும் பார்வை அல்ல. இன்றைக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று தெரிந்துகொள்ள விரும்பும் பார்வை.

நான் கதவருகே போய் நின்றேன். கைகளை விரித்தேன். ஆமாம், இரண்டு கைகளையும். "ஏனுங்க, ஆடு எங்கயும் ஓடிராதுங்க. அரை மணி நேரம் பொறுங்க. இன்னொன்னு எடுக்காம நான் உடமாட்டனுங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அந்த மனிதர் கத்தினார். மேலாளரைக் கூப்பிடு என்றார். "கூப்புடுங்க, வரட்டும்" என்றேன். உள்ளே அந்தப் பெண் முதல்முறையாக வாயைத் திறந்தார். "நான் படுத்துக்கறேன் சாமி. எனக்கு முடியல." கணவரின் சத்தம் அதோடு நின்றது.

அரை மணி தேவைப்படவில்லை. இருபது நிமிடத்தில் எடுத்த தாளில் கோடு மேலே தூக்கிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்த பிறகு இளம் மருத்துவர் ஒரு நொடியும் வீணாக்கவில்லை. படம் சேலத்துக்குப் போனது, பதில் வந்தது, கட்டியைக் கரைக்கும் ஊசியைச் சிஸ்டர் நரம்பில் ஏற்றினார். ஆம்புலன்ஸ் ஏறும்போது அந்தப் பெண்ணின் தாடையிலிருந்து கை இறங்கியிருந்தது. சேலத்தில் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். அவர் பிழைத்துக்கொண்டார்.

பாராட்டு எதுவும் வரவில்லை. பணியிடமான ஊசி அறையை விட்டு வெளியே போனதற்கு விளக்கம் கேட்டுச் சிஸ்டருக்குக் கடிதம்தான் வந்தது. இந்த முறை அவர் பேனாவை எடுத்தார். ஒரே வரி எழுதினார்: மறுபடியும் இதையேதான் செய்வேன். நானும் ஒரு தாள் வாங்கி எழுதினேன். கோழிப்பண்ணைக்காரர் விஷயத்தில் நான் போட்ட கையெழுத்து பயத்தில் போட்டது, அதில் எழுதியிருந்தது பொய் என்று எழுதினேன். மேலாளர் இரண்டு முறை படித்தார். "யோசிச்சுத்தான் எழுதினீங்களா?" என்றார். "யோசிக்காமப் போட்டது அந்தக் கையெழுத்துதானுங்க" என்றேன். இரண்டு தாள்களும் கோப்புக்குள் போயின. சிஸ்டர் ஊசி அறையிலேயே இருந்தார். உத்தரவு சுவரிலேயே இருந்தது.

பிறகு அவருக்கு அரசுப் பணி கிடைத்து மோகனூர்ப் பக்கம் போனார். கிளம்பிய அன்று, என்னை மன்னித்துவிடுங்கள் என்று எப்படியோ சொல்லிவிட்டேன். "வாயால சொன்னாச் செல்லாதுங்கண்ணா, எழுதிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு, மூச்சுமுட்டச் சிரித்தார்.

போன வாரம் மரவள்ளி லோடு ஏற்றும் ஒருவர் வந்தார். மேல்வயிற்றில் எரிச்சல், தோளில் வலி. முதல் தாள் சுத்தமாக இருந்தது. வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகாத மருத்துவர் அனுப்பிவிடலாம் என்றார். இன்னொன்று எடுக்க வேண்டும் என்றேன். "ஆர்டர் இருக்குதே?" என்று சுவரைக் காட்டினார்.

"இருக்குதுங்க" என்றேன். அந்த மனிதரின் மார்பிலிருந்த மின்முனைகளைக் கழற்றாமல், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.