கோடிட்ட இடத்தில் கல்கத்தா

நேற்று என் மகளுக்கு அலுவலகத் தோழனோடு போனில் சண்டை. இணையதளத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் வெறும் ஹெச்.டி.எம்.எல்.லில் முழுசாக எழுதுவதா, ஒரு டெம்ப்ளேட் செய்து, மாறுகிற இடத்தை மட்டும் காலியாக விட்டு நிரப்பிக்கொள்வதா என்று. "தலையும் காலும் எல்லாப் பக்கத்துக்கும் ஒண்ணுதாம்ப்பா. எதுக்குத் திரும்பத் திரும்ப எழுதணும்?" என்று என்னிடம் நியாயம் கேட்டாள். என்னால் உட்கார முடியவில்லை. "அடியே, இந்தச் சண்டைய நான் போர்ட் பிளேர்லயே போட்டாச்சு!" என்றேன்.

சொன்னதுமே மூக்கில் தூசு கருகும் வாசனை. ஒலிபெருக்கிப் பெட்டி சூடேறினால் அப்படித்தான் மணக்கும். அறுபதுகளில், ஊருக்குள் ஜீப்பில் அறிவிப்புச் செய்யும் அலுவலகத்தில் நான் தட்டச்சு செய்பவன். அம்மை ஊசி, சினிமா என்று எத்தனையோ அறிவிப்புகள்; ஆனால் கப்பல் அறிவிப்புதான் ராஜா. வெங்காயம், கடிதம், மாமியார் எல்லாமே கப்பலில்தானே வரவேண்டும்!

மைக்கில் பேசுபவர் சரோஜா. தீவிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒவ்வொரு கப்பலுக்கும் புதிதாக எழுதுவார். மழையென்றால் குடை எடுத்துவரவும் சொல்லுவார். மதுரையிலிருந்து வந்திறங்கிய மேதாவியான நான் கோடிட்ட இடங்களோடு ஒரு தாள் தயாரித்தேன். அக்கம்பக்கத்தாரைக் கேட்டு, தெலுங்கு, வங்காள அறிவிப்புகளையும் தமிழ் எழுத்திலேயே அடித்துவைத்தேன். பெருமை தாங்கவில்லை.

சரோஜா தமிழ்த் தாளைப் படித்தார்: '______ இலிருந்து வரும் கப்பல்...' "'கல்கத்தா இலிருந்து'ன்னு வாசிக்கணுமா? சார், உங்க கோடு மெட்ராஸ் கப்பலுக்கு மட்டுந்தான் பொருந்தும்!"

'புறப்பட்ட ஊர்:' என்று மாற்றினேன்.

"இப்ப ரேஷன் கார்டு மாதிரி இருக்கு. போதும் சார்!"

இப்படியே வாதம் நடந்துகொண்டிருந்தபோதுதான் அந்தப் புயல். மெட்ராஸ் கப்பல் வரவில்லை. கம்பியில்லாத் தந்தியிலும் பதில் இல்லை. அதில் என் மனைவி இருந்தாள். கல்யாணமாகி முதல்முறை தீவுக்கு வருகிறாள். துறைமுகத்துக்கும் அலுவலகத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். ஜங்லிகாட் கடைத்தெருவில் யாரும் உரக்கப் பேசவில்லை.

ஒரு காலையில் ஜீப் ஓட்டுநர் பிஸ்வாஸ் துறைமுகத்திலிருந்து ஓடிவந்தார். "சாப்! ஜஹாஜ் மில் கயா! ஸப் டீக் ஹை!"

கப்பல் கிடைத்துவிட்டதாம்! என் தாள்களை எடுத்தேன். ஊர், நேரம், துறை எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. உயிரோடு இருக்கிறார்கள் என்று சொல்ல இடமில்லை. அதற்குள் சரோஜா ஜீப்பில் ஏறிவிட்டார். நானும் தொற்றிக்கொண்டேன்.

"கேளுங்க! ஜஹாஜ் கிடைச்சிருச்சு! எல்லாரும் பத்திரம்! சாயங்காலம் ஹேடோ துறைக்கு வருது. அழுதது போதும், மூஞ்சியக் கழுவிட்டுக் கிளம்புங்க! நம்ம சாரோட சம்சாரமும் அதுலதான் வர்றாங்க!"

ஜங்லிகாட்டே கத்தியது. யாரோ என்னைக் கீழே இழுத்து வாயில் ஜிலேபியைத் திணித்தார். அப்போது ஒரு தெலுங்கு அம்மாள் ஜீப்பை மறித்து, "ஏமிட்டி? ஏமிட்டி?" என்று பதறினார். சரோஜாவுக்குத் தெலுங்கு ஓரிரு சொல்லுக்கு மேல் வராது. அவசரமாகக் கோடுகளை நிரப்பித் தெலுங்குத் தாளை நீட்டினேன். கடகடவென்று வாசித்தவர், எல்லாரும் பத்திரம் என்பதைக் கடைசியில் கைகளைத் தூக்கி, "அந்தரு சேஃப்!" என்று தானே சேர்த்துக் கூவினார். அந்த அம்மாள் நடுத்தெருவிலேயே உட்கார்ந்து சிரித்தார்.

"சார், நான் குத்தம் சொன்னது தமிழ்த் தாளை மட்டுந்தான்" என்றார் சரோஜா, மூச்சு வாங்கியபடி. வங்காளத் தாளை நான் மெல்ல வாசிக்க, பிஸ்வாஸ் மைக்கில் சொன்னார். தன் பங்குக்கு அவரும் என்னென்னவோ சேர்த்துக்கொண்டார்.

மாலையில் ஊரே ஹேடோவில். வாந்தியெடுத்து வதங்கிப்போய் இறங்கிய என் மனைவி முதலில் கேட்டது, "எதுக்கு இவ்வளவு பேர் கை தட்டுறாங்க?"

"உனக்குத்தான்" என்றேன். பொய்யும் இல்லையே!

இப்போது சென்னையில் காலைக் காபி குடித்தவர் பகல் சாப்பாட்டுக்குத் தீவில் இருக்கிறார். அந்த ஜீப் இல்லை. சரோஜாவின் குரலை யாரும் பதிவுசெய்து வைக்கவில்லை. கப்பல்களும் வருகின்றன, போகின்றன. ஜங்லிகாட்டில் அதற்காக எவரும் கடையைச் சாத்திவிட்டு ஓடுவதில்லை. முன்பின் தெரியாத ஒருத்தி உயிரோடு கரையேறியதற்காக ஓர் ஊர் கை தட்டும் சத்தத்தை நான் அப்புறம் எங்கும் கேட்கவில்லை.