பூட்டுப் போட்ட குழாய்

தண்ணீர் பவுசர் வண்டி ஓட்டுகிறவனுக்கு வேலை இரண்டுதான்: தாங்கியை நிரப்புவது, குழாயைத் திறப்பது. நான் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தேன், எல்லாம் கெட்டது. குழாய்க்குப் பூட்டுப் போட்டு, சனத்தை ஜெபம் பண்ண வைத்த பிறகே திறந்தேன்.

யாரும் சொல்லிச் செய்யவில்லை. எங்கள் சபைப் போதகர் சொன்னது, "தண்ணியக் குடுத்திட்டு வாங்க" என்பது மட்டும். தாங்கியில் நீலப் பெயின்ரால் சிலுவை போட்டதும் நான், பூட்டு வாங்கினதும் நான். நான் கிறிஸ்தவன், வேதக்காரன் என்று சனம் என்னைப் பார்த்து அறிய வேண்டும் என்று ஆசை. நன்றாக அறிந்தார்கள். வரிசையில் நிற்கிற சனத்துக்கு எதையாவது கொடுக்கும் வேலையில் இருந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். நமக்குத் தலை பெருத்துவிடும். நமக்கு மட்டும் அது தெரியாது.

முதல் நாள்

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போன கிழமை. நாவற்குடாவில் ஒரு பள்ளிக்கூடம் முகாமாகி இருந்தது. கிணறெல்லாம் உப்பு. வண்டி போய் நின்றதும் குடமும் வாளியுமாகச் சனம் வரிசை கட்டியது. நான் மிதிபலகையில் ஏறிக் கண்ணை மூடினேன். உலகத்திலுள்ள நாடுகளுக்கெல்லாம் ஜெபித்தேன். வெயில் ஏறியது. முடித்துவிட்டுப் பார்த்தால், முன்னால் நின்ற மீன்காரக் கிழவர், வள்ளமும் வீடும் போனவர், வெறும் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நிற்கிறார்.

"தம்பி, உங்கட கடவுளுக்குக் கேட்டிருக்கும். எங்களுக்குத்தான் இன்னும் தண்ணி வரல்ல."

இரண்டு ஆமென்

கிழவருக்கு வாய்க்கொழுப்பு என்று விட்டேன். மறுநாளிலிருந்து ஒரு சட்டம்: எல்லாரும் ஆமென் சொல்ல வேண்டும். சத்தம் காணாவிட்டால் திரும்பச் சொல்ல வைத்தேன். சைவச் சனம் முழு முகாமும் ஆமென் சொல்லுது என்று ஞாயிறு ஆராதனையில் எழும்பிச் சாட்சியும் சொன்னேன். போதகர் தலை குனிந்துகொண்டார். சந்தோசத்தில் என்று நினைத்தேன்.

கல்குடாவிலிருந்து கலியாணம் முடித்து வந்த பெண்ணொருத்தி, புருசனைக் கடலுக்குக் கொடுத்தவள், எல்லாரிலும் பலமாகச் சொல்வாள். மற்றவர்களுக்கு அவளைத்தான் காட்டுவேன். ஒரு நாள் இரண்டு குடத்தோடு வந்தாள். ஆளுக்கு ஒன்றுதான் என்றேன். பக்கத்துக் கூடாரத்துப் பெண்ணுக்குக் காய்ச்சல், எழும்ப ஏலாது என்றாள். அவள் ஜெபத்துக்கு வரவில்லையே என்றேன். இதை எழுதக் கை கூசுகிறது.

"அவள்ற ஆமெனையும் நானே சொல்லிர்றன் ஐயா. ரெண்டையும் நிரப்புங்க."

காத்தான்குடி வண்டி

ஒரு மத்தியானம், ஜெபத்தின் நடுவில், காலடிச் சத்தமும் குடங்கள் முட்டுகிற சத்தமும் கேட்டது. சனத்தின் மேல் ஆவி இறங்கிவிட்டது என்று குரலை உயர்த்தினேன். கண்ணைத் திறந்தால் முன்னால் ஒரு குஞ்சும் இல்லை. காத்தான்குடிப் பள்ளிவாசலிலிருந்து வேறொரு பவுசர் வந்து நிற்கிறது. சனம் முழுக்க அங்கே. அந்த வண்டிக்காரர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குழாயைப் பிடித்திருந்தார். சண்டைக்குப் போனேன். அவர் முகத்தில் கேலி இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"நீங்க ஓதி முடிங்க அண்ணன். அதுக்குள்ள நான் ஊத்திர்றன்."

எழும்பி நில்லுங்க

அது முடிந்து இரண்டு வருசத்தில், மறுகா சண்டை. படுவான்கரையில் செல் குண்டு விழ, சனம் வாவியைக் கடந்து இந்தப் பக்கம் வந்தது. திரும்ப முகாம், திரும்பப் பவுசர், அதே பூட்டு. காத்தான்குடிக்காரரிடம் படித்த பாடம் ஒன்றுதான்: இப்போது கண்ணைத் திறந்துகொண்டே ஜெபித்தேன். அதனால் பார்த்தேன். ஜெபத்தின் நடுவில் ஒரு முதியவர் மண்ணில் குந்தினார். மரியாதை கெட்ட ஆள் என்று பட்டது. "பெரியவர், எழும்பி நில்லுங்க" என்றேன். எழும்பினார். அப்படியே விழுந்தார்.

அவருடைய மகள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அப்பனிடம் இல்லை, என்னிடம். என் சட்டைப் பைக்குள் கையை விட்டுத் திறப்பை எடுத்தாள். பூட்டைத் திறந்து, முந்தானையை நனைத்து, அப்பனின் வாயில் பிழிந்தாள். அவர் கண் விழிக்கும் வரைக்கும் நான் மிதிபலகையிலேயே நின்றேன். ஆமென் வாய்க்குள் கிடந்தது. மறுகா அவளே எல்லாருடைய குடத்தையும் நிரப்பினாள். கடைசியில் பூட்டையும் திறப்பையும் தன் மடியில் முடிந்துகொண்டாள்.

"வண்டியக் கொண்டு வந்து விட்டுப்போட்டு, நீங்க அங்கால போய்க் கும்பிடுங்க. தண்ணிய நான் பாக்கிறன்."

புதிதாய் வந்த அம்மா

அப்படியே நடந்தது. சண்டை ஓய்ந்து சனம் ஊர் திரும்பும் வரை குழாயடியில் அவள்தான். நடக்க ஏலாதவர்களின் குடத்தை முதலில் வாங்குவாள். யாரையும் எதையும் சொல்லச் சொல்லவில்லை. நான் வண்டிக்குப் பின்னால் டயரடியில் நின்று, சத்தமில்லாமல், கெதியாக, இரண்டே வரியில் ஜெபித்து முடித்தேன். ஒரு நாள் முகாமுக்குப் புதிதாய் வந்த ஒரு அம்மா தாங்கியிலிருந்த சிலுவையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். என்னை வண்டி கழுவுகிறவன் என்று நினைத்தாரோ தெரியாது, கிட்ட வந்து கேட்டார்.

"அந்தப் புள்ள வேதக்காரப் புள்ளதானே தம்பி? பாத்தாலே தெரியுது."

சிலுவையைப் போட்டது நான், சனம் அதைக் கண்டது கொக்கட்டிச்சோலைச் சிவன் கோயிலில் வருசா வருசம் தேர் இழுக்கிற, அந்தப் பெரியவரின் மகள் சிவபாக்கியத்திடம்.